வாள் ஐந்து தலைகீழாக வந்தால் சமாதானமா, சாவுச் செய்தியா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மா போனபிறகு நகையைப் பங்கு வைத்ததில் உங்களுக்கும் அக்காவுக்கும் மனஸ்தாபம். சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா பேசிய பேச்சு தாங்காமல் நீங்கள் எழுந்து வந்துவிட்டீர்கள். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது புதிதாக ஒரு டாரோ கட்டு, அதாவது குறி பார்க்கும் படச்சீட்டுக் கட்டு வாங்கி, அக்காவை நினைத்து மூன்று சீட்டு எடுத்திருக்கிறீர்கள். முதலில் கோப்பை இரண்டு, நேராக. அடுத்து வாள் ஐந்து, வாள் ஆறு, இரண்டும் தலைகீழாக. வாள் ஐந்து தலைகீழாக வந்தால் பிரிந்தவர்கள் கூடுவது உறுதி என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார், வீட்டில் சாவு விழும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி, அக்காவுக்கு போன் செய்யலாமா, இந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் நடுவில், "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டது அவ, நான் ஏன் முதல்ல போகணும்?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

பல வருஷமாக டாரோ பார்ப்பவள் நான், கற்றும் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் சாவு விழும் என்று இந்தச் சீட்டு சொல்லவில்லை. எந்தச் சீட்டும் அப்படிச் சொல்லாது. பயம் காட்டி அடுத்த வீடியோவைப் பார்க்க வைப்பவர்களிடமிருந்து தள்ளி இருங்கள். ஆனால் சாவு என்று சொன்ன அந்த யூடியூப்காரர் அந்த வார்த்தையைத் தானாகக் கற்பனை செய்யவும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் போய்விடும், எதிர்ப்பக்கத்து 'உறுதி'யின் பலமும் எவ்வளவு என்று புரிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது ரைடர் கட்டு என்று எழுதியிருந்தீர்கள். 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகம் வெளியிட்டது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். 78 சீட்டுகள். அவற்றில் தனித்தனிப் பெயர் கொண்ட 22 சீட்டுகளைப் பெரியவை என்பார்கள், வாள், கோப்பை என்று நான்கு வகையாக வரும் 56 சீட்டுகளைச் சிறியவை என்பார்கள். அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் சிறிய சீட்டுகளில் காட்சி ஏதும் இருக்காது. வாள் ஐந்து என்றால் ஐந்து வாள் மட்டும் வரைந்திருப்பார்கள், நம் வீட்டுச் சீட்டுக்கட்டில் ஐந்து ஆர்ட்டின் இருப்பதைப் போல. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செய்த சோலா புஸ்கா கட்டு அதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு இருந்தன. ஸ்மித்தின் சில படங்களில், குறிப்பாக வாள் மூன்றில், அதன் சாயல் தெளிவாகத் தெரியும். மற்றபடி இன்று நாம் பார்த்துப் பார்த்துப் பொருள் சொல்லும் காட்சிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பெண்ணின் கை வரைந்தவை.

அந்தச் சீட்டை எடுத்து நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு பாருங்கள். முன்னால் பெரிதாக ஒருவன் நிற்கிறான். இடது தோளில் இரண்டு வாள்களைச் சாய்த்திருக்கிறான், வலது கையில் மூன்றாவது வாள், முனை தரையைத் தொடுகிறது. தரையில் இன்னும் இரண்டு வாள்கள் கிடக்கின்றன. அவனுக்கு அப்பால் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்து போகிறார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். மேலே மேகம் கிழித்துப் போட்டதுபோல் இருக்கிறது. ஜெயித்தவன் முகத்தில் ஒரு இளக்காரச் சிரிப்பு. அவன் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள். கையில் இருக்கும் வாள்களை அவன் பார்க்கவில்லை, கீழே கிடப்பதையும் பார்க்கவில்லை. போகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சண்டை முடிந்துவிட்டது, ஆனாலும் அவனால் அவர்கள்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சண்டை போட்ட உறவுகளைப் பற்றி யாராவது கேட்டு இந்தச் சீட்டு வந்தால் நான் முதலில் காட்டுவது இந்தப் பார்வையைத்தான். அவன் இன்னும் திரும்பிப் பார்க்கிறான் என்பதில் ஒரு வழி திறந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. வெய்ட் அப்படி எழுதவில்லை.

வெய்ட் எழுதியது 1910இல் வந்த அவருடைய கையேட்டில் இருக்கிறது. இழிவு, அழிவு, அவமானம், இழப்பு என்று வரிசையாக எழுதிவிட்டு, தலைகீழாக வந்தாலும் அதே பொருள்தான், கூடவே அடக்கம், ஈமச்சடங்கு என்று முடிக்கிறார். உங்களைப் பயமுறுத்திய வீடியோக்காரர் பிடித்துக்கொண்டது இந்த இரண்டு சொற்களைத்தான். படத்தில் பிணமும் இல்லை, கல்லறையும் இல்லை. பிறகு ஏன் அப்படி எழுதினார்? இந்தக் கட்டு வருவதற்கு முன்பு நூறு வருஷத்துக்கு மேலாகவே பிரான்சில் சீட்டுக்குறி சொல்லும் மரபு ஒன்று இருந்தது. எத்தெய்யா என்ற பெயரில் எழுதிய ஒருவர் 1785வாக்கில் டாரோ குறி பற்றிப் புத்தகங்கள் போட்டார். சீட்டு நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள் என்ற பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர். அவருடைய பட்டியலில் வாள் ஐந்துக்கு இழப்பு, துக்கம் என்ற பொருள்கள் இருந்தன. அவை கைமாறிக் கைமாறி வந்து வெய்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. ஸ்மித்தின் படம் ஒன்று சொல்கிறது, பக்கத்தில் அச்சான பழைய பட்டியல் இன்னொன்று சொல்கிறது. இரண்டும் சரியாக ஒட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் சாவுச் செய்தி நுழைந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் டாரோ குறி சொல்வதற்காக உண்டானதே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பணக்கார வீடுகளில் ஆடிய சீட்டாட்டம் அது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அந்த வகைச் சீட்டில் விளையாடுகிறார்கள். எகிப்திய ரகசியம் இது என்று 1781இல் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் என் வகுப்பில் சிலருக்கு முகம் வாடிவிடும். எனக்கு இது பெரிய நிம்மதி. மனுஷர் உண்டாக்கிய பொருளை மனுஷர் கேள்வி கேட்கலாம், திருத்தலாம்.

சமாதானம் உறுதி என்பதற்கு வருவோம். அது இதைவிடப் புதிய வழக்கம். போன நூற்றாண்டின் பிற்பாதியில், டாரோவை எதிர்காலம் பார்ப்பதைவிட மனதைப் பார்க்கும் கருவியாக எடுத்துக்கொண்டவர்கள் பெருகினார்கள். அவர்கள் தலைகீழ்ச் சீட்டை, அதன் வேகம் தணிகிறது, பிடி தளர்கிறது, உள்ளுக்குள் திரும்புகிறது என்று வாசித்தார்கள். வாள் ஐந்து சண்டை என்றால் தலைகீழ் வாள் ஐந்து சண்டை ஓய்வது, கையில் இருக்கும் வாள் நழுவிக் கீழே விழுவது. நானும் பெரும்பாலும் இப்படித்தான் வாசிக்கிறேன். படத்தோடு ஒட்டிப்போவது இந்த வாசிப்பு. ஆனால் இதே தர்க்கத்தில், பழைய பகை உள்ளுக்குள் போய்ப் புகைந்துகொண்டிருக்கிறது என்றும் வாசிக்க இடம் உண்டு. அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் சொல்வார்கள். ஆகவே 'உறுதி' என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. தளர்கிறது என்பது ஒரு சாத்தியம். அக்கா போனை எடுப்பார் என்பது வேறு விஷயம், அது எந்தக் கட்டிலும் அச்சாகவில்லை.

வெய்ட்டும் ஸ்மித்தும் கோல்டன் டான் என்ற லண்டன் மறைஞானக் குழுவில் இருந்தவர்கள். 1888இல் தொடங்கிய குழு அது. அவர்கள் சிறிய சீட்டுகளில் இரண்டு முதல் பத்து வரை எண் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயரும் ஒரு கிரகநிலையும் கொடுத்தார்கள். வாள் ஐந்துக்குத் தோல்வியின் தலைவன் என்று பெயர், கும்பத்தில் சுக்கிரன். படத்தில் பெரிதாகத் தெரிபவன் ஜெயித்தவன், சீட்டின் பெயரோ தோல்வி. யாருடைய தோல்வி என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். சுக்கிரன் அன்புக்கும் உறவுக்கும் உரிய கிரகம் என்று மேலை ஜோதிடமும் சொல்லும், நம் ஜோதிடமும் சொல்லும். யாரோ தெருவில் போகிறவரோடு போட்ட சண்டையாக இதை நான் வாசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். வேண்டியவர்கள் மோதிக்கொண்டதால்தான் போகிறவர் முகத்தை மூடிக்கொண்டு போகிறார். இந்தக் கடைசி வரி முழுக்க என்னுடைய வாசிப்பு, மரபில் எழுதி வைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற இரண்டு சீட்டும் இதற்குப் பக்கத்துணைதான். கோப்பை இரண்டில் ஓர் இளைஞனும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பையைப் பரிமாறி உறுதி சொல்கிறார்கள். காதல் சீட்டு என்று பலர் அதோடு விட்டுவிடுவார்கள். நட்பு, இணக்கம், ஒத்துப்போதல் எல்லாமே அதில் அடக்கம். அக்கா தங்கைக்கும் தாராளமாகப் பொருந்தும். முதல் இடத்தில் வந்ததால், சண்டைக்கு முன்பு நீங்கள் இருவரும் எப்படி இருந்தீர்கள் என்பதாக எடுத்துக்கொள்கிறேன். வாள் ஆறில் ஒரு படகுக்காரன் ஒரு பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்குக் கொண்டுபோகிறான். படகின் முன்பக்கத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன. சண்டையின் ஆயுதங்களையும் ஏற்றிக்கொண்டு போகிற படகு அது. தலைகீழாக வந்தால் பயணம் தடைபடுகிறது என்று இன்று பலர் சொல்வார்கள். வெய்ட்டின் பட்டியலில் வேறு மாதிரி இருக்கிறது. அறிவித்தல், ஒப்புக்கொள்ளுதல், வெளிப்படையாகச் சொல்லுதல். உங்கள் நிலைமைக்கு அந்தப் பழைய பொருள் எவ்வளவோ பயன்படும். வாயைத் திறந்து ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். யார் முதலில் என்பதுதான் பிரச்சினை.

அதற்குப் போகுமுன் நீங்கள் சொல்லாமல் சொன்ன ஒரு விவரத்தைப் பேசியாக வேண்டும். வாள் ஐந்தும் ஆறும் அடுத்தடுத்து வந்தன, இரண்டும் தலைகீழாக வந்தன, இது தற்செயலாக இருக்கமுடியுமா என்று வியந்திருந்தீர்கள். கட்டு புதியது, கையில் நாலைந்து தடவை கலைத்தேன், நடுவில் பாதியைத் திருப்பிச் சேர்த்தேன் என்றும் எழுதியிருந்தீர்கள். புதுக்கட்டு வரிசைப்படி அடுக்கித்தான் வரும். வாள் ஐந்தும் ஆறும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எடுத்துப் போடும் கலைப்பில் பக்கத்துச் சீட்டுகள் சுலபத்தில் பிரியாது. திருப்பிய பாதியில் இரண்டும் சேர்ந்து இருந்திருந்தால், இரண்டும் சேர்ந்தேதான் தலைகீழாக வரும். 52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி கலைத்தாலே ஏழு தடவை வேண்டும் என்று பேயர், டயக்கோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். நீங்கள் செய்த மாதிரிக் கலைப்புக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும், உங்கள் கட்டிலோ 78 சீட்டு. ஆகவே உங்களுக்கு அப்படி வந்ததற்குக் கலைப்பே போதுமான காரணம். இனிமேல் ஒரு பெட்ஷீட்டை விரித்து, எல்லாச் சீட்டையும் குப்புறப் பரப்பி, இரண்டு கையாலும் நன்றாகத் துழாவிக் கலந்துவிட்டுச் சேர்த்தெடுங்கள். நேர், தலைகீழ் எல்லாம் அதிலேயே கலந்துவிடும். நன்றாகக் கலைத்த கட்டில் மூன்று சீட்டு எடுத்தால் அதில் வாள் ஐந்து இருக்க 26இல் ஒரு வாய்ப்பு. வாரத்துக்குப் பல தடவை எடுப்பவருக்கு அது அடிக்கடி கண்ணில் படும். அதையும் அடையாளமாக எடுத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவு சொல்கிறவள் ஏன் டாரோ பார்க்கிறாய் என்று கேட்கலாம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தைக் கணித்தது என்று சொல்லி ஒரே வாசகத்தை எல்லோருக்கும் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரியாக 5க்கு 4.26 கொடுத்தார்கள். பொதுவாகச் சொன்ன பேச்சு நமக்கே சொன்னதுபோல் தோன்றுவது மனித இயல்பு. டாரோ சந்திப்பில் நடப்பதில் ஒரு பெரிய பங்கு இதுதான். சீட்டு எதிர்காலத்தைக் காட்டுகிறது என்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை, அப்படிச் சொல்லி நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஆனால் இரண்டு வருஷமாக ஒரே சம்பவத்தை ஒரே கோணத்தில் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, யாரோ நூறு வருஷத்துக்கு முன்பு வரைந்த ஒரு சண்டைக்காட்சியைக் கையில் கொடுத்தால், தன் கதையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க முடிகிறது. அது நடப்பதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது போதும்.

இப்போது உங்கள் வரி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது அவர், நான் ஏன் முதலில் போகவேண்டும். சீட்டைப் பார்த்ததும் வாளோடு நிற்பவன் அக்கா என்றும் முகத்தை மூடிக்கொண்டு போகிறவர் நீங்கள் என்றும் முடிவு செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் சொன்ன விவரப்படி அது நியாயமாகவும் இருக்கலாம். ஒரு மாலையில் அந்தச் சீட்டோடு உட்கார்ந்து மூன்று பேர் இடத்திலும் மாறி மாறி நின்று எழுதிப் பாருங்கள். முகம் மூடியவராக எழுதுவது சுலபம், இரண்டு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் முதுகு காட்டிப் போகும் மூன்றாவது ஆள் யார்? நகை பிரித்த அன்று அறையில் இருந்து வாயைத் திறக்காத சித்தியா, அண்ணனா? அவர்கள் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? கடைசியாக வாளோடு நிற்பவனாக எழுதுங்கள். சண்டையில் நீங்கள் ஜெயித்த இடம் ஒன்றாவது இருக்கும். எழுந்து வந்தது, அப்புறம் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தது, சொந்தக்காரர்களில் பாதிப்பேர் உங்கள் பக்கம் பேசுவது. அவர் இடத்திலிருந்து பார்த்தால் அவையும் தோளில் சாய்த்த வாள்தான். அக்கா செய்தது சரி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தரையில் கிடக்கும் இரண்டு வாளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதில் ஒன்று இன்னும் சொல்லாத வார்த்தையாக இருக்கலாம், அதை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் கையில்.

போன் செய்யலாமா என்றால், சீட்டை ஒதுக்கிவிட்டு என் அபிப்பிராயமாகவே சொல்கிறேன். செய்யலாம், நகையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியும் என்றால் மட்டும். நகைக் கணக்கும் அக்காவும் இப்போது உங்கள் மனதில் ஒரே முடிச்சாக இருக்கிறது. பங்கு நியாயமா இல்லையா என்பது ஒரு வழக்கறிஞரிடமோ, இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடமோ கேட்க வேண்டிய விஷயம், அதற்கு டாரோவில் பதில் தேடாதீர்கள். போனில் சொல்ல நீளமான விளக்கமும் வேண்டாம். "அக்கா, நான்தான். அன்னைக்கு நீ பேசினது எனக்கு ரொம்ப வலிச்சுது. ஆனா உன்கூடப் பேசாம இருக்க எனக்குப் பிடிக்கல." இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வெய்ட்டின் பட்டியல் வெளிப்படையாகச் சொல்லுதல் என்று எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. அக்கா பதிலே சொல்லாமல் வைத்துவிடலாம், சுடச்சுட ஏதாவது சொல்லிவிடவும் கூடும். அதைத் தாங்கும் மனநிலை இந்த வாரம் இல்லை என்றால் அடுத்த மாதம் செய்யுங்கள். ஒருவேளை அன்று நடந்தது வெறும் பேச்சோடு நிற்கவில்லை, அடி மிரட்டல் என்று போயிருந்தது, நீங்கள் அதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்றால், நான் மேலே சொன்னது பொருந்தாது. அப்போது தனியாகப் பேச முயற்சி செய்யாதீர்கள்.

அக்கா மனதில் என்ன இருக்கிறது என்று மறுபடி மறுபடி சீட்டு எடுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். அங்கே இல்லாத ஆளின் மனதைச் சீட்டு வழியாகப் படிப்பதாக நினைக்கும்போது நாம் படிப்பது நம் பயத்தைத்தான், அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. கேட்டே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு சீட்டு எடுத்து, அக்காவிடம் பேசும்போது நான் எதைக் கவனமாகக் கையாளவேண்டும் என்று கேளுங்கள். அதற்கு எந்தச் சீட்டு வந்தாலும் யோசிக்க ஏதாவது கிடைக்கும்.

கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் தோஷம் எதுவும் இல்லை, பரிகாரமும் தேவையில்லை. ஈரம் படாத இடத்தில் ஒரு துணியில் சுற்றி வையுங்கள், அட்டையின் ஓரம் வளையாமல் இருப்பதற்காக மட்டும்தான் துணி. கைக்கு அடங்காமல் பெரிதாக இருக்கிறது, கலைக்க வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதே ரைடர் படங்களோடு சிறிய அளவிலும் கட்டு கிடைக்கிறது. அடுத்த தடவை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.